பட்டாளத்தானுக்கு ஒரு நீதி, பால்வெட்டிக்கு ஒரு நீதியா?

1921-இல் பிறந்த பிரிட்டிஷ் லீஜன், முன்னாள் பட்டாளத்தாரின் சங்கம். ஜப்பானியரிடம் கைதிகளாயிருந்தவர்களுக்காக விடாது வாதாடி, 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சர்க்காரிடம் தலைக்கு 10,000 பவுன் பெற வைத்தது. விதவைகளுக்கும் கிடைத்தது. குறை கூறவில்லை, சங்கமென்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்!

ஆனால் 1943-இல் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்தும் சயாமுக்கு ரயிலேற்றப்பட்ட நம் பால்வெட்டிகள்? காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை. வாந்திபேதியில் மாண்ட நம்மவர்க்குப் பெயரில்லாக் குழி!

"அவர்கள் சிப்பாய்கள் அல்லவே" என்பார்கள். அந்தப் பணம் சிறையிருந்த பிரிட்டிஷ் சிவிலியன்களுக்கும் போனதே, அவர்கள் என்ன துப்பாக்கி தூக்கினார்களா?

தாலியறுத்தவள் பால்வாளியோடு மறுபடி நிரைக்குப் போனாள். தோட்டத்துச் செக்ரோலில் இருந்த அந்தப் பெயர்களையாவது தேடியெடுத்து வெளியிடுங்கள் என்று கேட்கிறோம்.