அசதிக்கு மருந்து



தை மாதம் ஐந்தாம் நாள் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவைப் பார்க்காதவர் நம் பக்கத்தில் மிகக் குறைவு. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். சுற்று வட்டாரமே ஆற்று மணலில் கூடிவிடும். கரும்பு, பொரி, வளையல், ராட்டினம் இவற்றின் நடுவே ஒலிபெருக்கி வைத்து லேகியம் விற்பவரும் இருப்பார். "காலையில் எழும்போதே அசதியா? நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? கால் குடைச்சலா? ஒரு மண்டலம் சாப்பிட்டுப் பாருங்கள்!" என்று அவர் கேட்கக் கேட்க, கூட்டத்தில் நிற்கும் பெண்களில் பாதிப்பேர் தலையாட்டுவார்கள்.

என் அத்தையும் தலையாட்டியவர்தாம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இரண்டு மாட்டில் பால் கறந்து, சமைத்து வைத்துவிட்டு மல்லாட்டைக் கொல்லைக்குப் போகிறவர். இரண்டு ஆண்டுகளாக அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தார். "வயதாகிறதல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்றோம் நாங்கள். அவருக்கு அப்போது வயது 43. லேகியக்காரரோ பத்து நிமிடம் அவரை உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டார். அத்தை மூன்று டப்பா வாங்கினார்.

முதல் வாரம் பசி எடுத்தது, தூக்கம் வந்தது. வீடே லேகியத்தைப் புகழ்ந்தது. டப்பா தீரத் தீரத் தொலைபேசியில் சொல்லி வரவழைத்தோம். ஐந்தாம் மாதம் முகமும் பாதமும் வீங்கி, கொல்லையில் மயங்கி விழுந்தார். அரசு மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 6.2 கிராம். பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே இரத்த சோகை. 8-க்குக் கீழே போனால் கடுமையான சோகை. கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. இரண்டு ஆண்டுகளாக மாதவிலக்கில் அளவுக்கு மீறி இரத்தம் போயிருக்கிறது. அதை மட்டும் லேகியக்காரரும் கேட்கவில்லை, அத்தையும் யாரிடமும் சொல்லவில்லை. (இதை ஆண்டு மலரில் எழுதலாமா என்று தயங்கினேன். தலைமையாசிரியை அருட்சகோதரிதான், "அவசியம் எழுதுங்கள்" என்றார்.)

அசதி என்பது தனியாக ஒரு நோயன்று. உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று கதவைத் தட்டும் ஓசை. இரத்த சோகை, தைராய்டு, சர்க்கரை, காசநோய், மனச்சோர்வு என்று தட்டுவது எதுவாகவும் இருக்கலாம். யார் என்று பாராமல் எல்லாருக்கும் ஒரே டப்பாவைக் கொடுப்பவரை வைத்தியர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை. ஆற்று மணலில் தலையாட்டிய பாதிப்பேர் இவர்கள்தாம்.

அத்தை உண்ட லேகியத்தில் என்ன இருந்தது என்று யாரும் சோதிக்கவில்லை. என்ன இருக்கக்கூடும் என்பதை மட்டும் சொல்லலாம். 2004-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பாஸ்டன் நகர வட்டாரக் கடைகளில், நம் தெற்காசிய நாடுகளில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்தார்கள். 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. ஈயம் உடலில் சேர்ந்தால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் உருவாவதையே தடுக்கும். சோகையும் வயிற்று வலியும் தீராத அசதியும் வரும். அசதிக்கென்று உண்ட மருந்தே அசதியைக் கொண்டுவரும் விந்தையைப் பாருங்கள்! இன்னும் சிலர் லேகியத்திலும் பொடியிலும் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்துவிடுகிறார்கள். உடனே பசியும் தெம்பும் வரும், முகம் பூரிக்கும். பல மாதம் உண்டபின் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

நம் சித்த மருத்துவத்தை நான் குறை கூறவில்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. படித்துப் பதிவு பெற்ற மருத்துவர் நாடி பார்த்து, சீட்டு எழுதித் தருகிறார். பற்பம், செந்தூரம் போன்றவற்றில் உலோகம் சேர்வதால்தான் அவற்றுக்கு முறையான சுத்தியும் அளவும் வேண்டும். பெயரும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவுக்குச் சித்தர்கள் பெயரைச் சூட்டுவது சித்தர்களுக்கே இழுக்கு.

ஆங்கில மருத்துவத்தின் பெயராலும் ஏமாற்று நடக்கிறது. மாதம் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டால் தெம்பு என்று நம்புகிறவர் எத்தனை பேர்! சாதாரணமாக ஏற்றும் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஒரு டம்ளர் பானகம் குடித்தால் போதும், ஊசியும் குத்த வேண்டாம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய மருந்து விளம்பரச் சட்டத்தில், குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் நரம்புத் தளர்ச்சியும் இருக்கிறது. பேருந்து நிலையச் சுவர்களை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்லாச் சோதனையும் செய்தும் காரணம் அகப்படாத அசதியும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, சிறிது வேலை செய்தாலும் மறுநாள் படுக்கையில் தள்ளிவிடும். அது கற்பனையன்று, உண்மையான உடல் நோயே என்று 2015-இல் அமெரிக்க மருத்துவ அறிஞர் குழு ஒன்று அறிக்கை தந்தது. அதை அடியோடு தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. மருத்துவர் உண்மையைச் சொல்லிக் கைவிரிக்கும் இடத்தில்தான் வியாபாரி கடை விரிக்கிறான். புளோரிடாவில் ஒரு தந்தையும் மூன்று மகன்களும் தங்கள் கூட்டத்துக்குத் திருச்சபை என்று பெயரிட்டுக்கொண்டு, வெளுப்பு மருந்தாகும் திரவத்தைத் தீராத நோய்களுக்கெல்லாம் அருமருந்தென்று விற்றார்கள். 2023-இல் நால்வருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. படிப்பும் பணமும் நிறைந்த நாட்டிலும் இதுதான் நிலை.

மாணவியரே, உங்களிடம் ஒரு வழக்கு எனக்கு உண்டு. பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை என்ன செய்கிறீர்கள்? மேசைக்கு அடியிலும் சன்னலுக்கு வெளியிலும் நான் பொறுக்கியவற்றை எண்ணினால் ஒரு வகுப்புக்கே போதும். குமட்டுகிறது என்பீர்கள். வெறும் வயிற்றில் விழுங்காதீர்கள். உணவுக்குப் பின் எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள். டீ, காப்பியை இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த இரத்தச் சோதனைக்குக் கட்டணம் கிடையாது. அரை நாள் கூலி போகும் என்பது உண்மைதான். அத்தைக்கு ஐந்து மாதத்தில் லேகியத்துக்குப் போன பணத்தைக் கூட்டிப் பார்த்தோம். ஒரு கறவை ஆட்டின் விலை.

அத்தைக்குக் கட்டியை அகற்றிவிட்டார்கள். இப்போது ஹீமோகுளோபின் 11.4. இந்தத் தையிலும் ஆற்றுக்கு வந்தார். லேகியக்காரர் அவரை மறக்கவில்லை. "கால் குடைச்சல் எப்படி இருக்கிறதம்மா?" என்றார். "தேவலை தம்பி" என்று சொல்லிவிட்டு, அத்தை அவரோடு சிறிது நேரம் நின்று பேசிக்கொண்டிருந்தார்.