பழைய ஜீப்பும் மூலபாடமும்

பழைய ஜீப் ஒன்றை மீண்டும் ஓடச் செய்வது, பணமும் ஓய்வும் மிகுந்தோரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நாம் அதை ஏற்பதற்கில்லை. முறையாகச் செய்யப்படுமாயின் அது பதிப்புப் பணிக்கு உடன்பிறந்த வேலை.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் தேடினார். பழைய ஜீப்பை ஆராய்வோர் செய்வதும் அதையே. இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு என்னும் இரு நிறுவனங்கள் ஒரே வடிவமைப்பில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. ஃபோர்டு தன் உறுப்புகளில், போல்ட்டின் தலையில்கூட, 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தது. எண்பது ஆண்டுகள் கடந்தபின் எது எவருடையது என்பதற்கு அவ்வெழுத்தே சான்று. போர்க்கால ஜீப்பின் தகட்டு முகப்பில் ஒன்பது பிளவுகள். போருக்குப் பின் பொதுமக்களுக்கென வந்ததில் ஏழு. ஏழு பிளவு முகப்பை மாட்டி, ராணுவப் பச்சை பூசி, 'போர்முனை கண்ட வண்டி' என்று விற்பார்களாயின் அதை இடைச்செருகல் என்னாமல் வேறு என்னென்பது?

நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. பின்னாளில் எரிபொருள் செலவுக்கு அஞ்சிப் பல வண்டிகளின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை வைத்தார்கள். பிழைப்புக்காகச் செய்ததைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் மூல எஞ்சின் எஞ்சியிருக்கும் வண்டியில் இன்று அதைச் செய்வது வேறு. போர்க்கால வில்லிஸின் எஞ்சின் நான்கு சிலிண்டர். 2199 கன சென்டிமீட்டர், 60 குதிரைத்திறன். சிலிண்டரின் விட்டம் 79.4 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவோ 111.1. இந்த நீண்ட நகர்வால், மெல்லச் சுழலும்போதே நல்ல இழுவிசை கிடைக்கிறது. சேற்றிலிருந்து வண்டியை மீட்பது வேகமன்று, இந்த இழுவிசைதான். தேய்ந்த சிலிண்டரைப் போர் செய்து, அடுத்த அளவு பிஸ்டனைப் போட்டால் அது மீண்டும் உயிர்பெறும். பட்டி பூசிப் பளபளப்பாக்குவதைவிட இதற்கே செலவிட வேண்டும் என்பது நம் கருத்து.

இவ்வேலைக்குப் பாடியைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் அரிது. லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா எனத் தொழிற்சாலைகள் 1960களில் இங்கே வேரூன்றின. அருகிலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. ஸ்டார்ட்டர், பிரேக், சக்கரம் என்று வாகனத்தின் பாதியை அறிந்த ஊர் இது. (பாடி என்பதற்குப் படை தங்குமிடம் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. பட்டறையிலோ அது வண்டியின் உடல். படைக்கென்று பிறந்த வண்டிக்குப் பாடியில் பாடி கட்டலாமே என்று நண்பர் ஒருவர் சிலேடை சொல்வார், பொறுத்துக்கொள்கிறோம்.) லேத்துப் பட்டறையில், கிடைக்காத புஷ்ஷை அளவெடுத்துக் கடைந்து தரும் முதியவர்களை இன்றும் காணலாம். அவர்களிடம் பயில வரும் இளைஞரைத்தான் காணோம். உதிரி உறுப்பைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்துவிடலாம். கைத்திறத்தை எந்தக் காயலான் கடையில் தேடுவது?

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2021ஆம் ஆண்டு நடுவண் அரசு கொண்டுவந்த விதி, 50 ஆண்டு கடந்த, பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளைத் தனிவகையாக ஏற்கிறது. புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும். மூலவடிவத்தை வற்புறுத்தியதற்காக அவ்விதியைப் பாராட்டுகிறோம். ஆயின் அவ்வகையில் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கன்றி அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. டிரம் பிரேக்கை நம்பி இன்றைய நெரிசலில் நாள்தோறும் செல்வது ஆபத்து என்பதை நாமும் அறிவோம். எனினும் நின்றே கிடக்கும் எஞ்சினில் எண்ணெய் வடிந்து துரு ஏறும். ரப்பர் உறுப்புகள் காய்ந்து வெடிக்கும். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் பிசினாகும். மாதத்திற்கு இத்தனை கிலோமீட்டர் என வரம்பிட்டு, காரணம் கேளாமல் ஓட்ட இசைவு தரலாம். பதிவேட்டில் தூரத்தைக் குறித்து ஆண்டுக்கொருமுறை காட்டுமாறு உரிமையாளரைப் பணித்தால் போதுமே.