“இன்ஜின் போயிருச்சு சார்!”

பட்டறையில் இந்த வார்த்தையைக் கேட்டதும் எந்தக் குடும்பமும் முதலில் கேட்பது, “எவ்வளவு ஆகும்?” என்றுதான். பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய ஆல்ட்டோவோ வேகன் ஆரோ வைத்திருக்கும் வீட்டில் வேறு என்ன கேட்பார்கள்? அந்த மாதம்தான் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கும். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக இருப்பதும் அந்த ஒரு கார்தான்.

ஆனால், மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. “ஏண்ணே போச்சு?”

காரணம் எளிமையானது. இன்ஜினைக் கொன்றது எதுவோ, அது பெரும்பாலும் இன்ஜினுக்குள் இருப்பதில்லை. அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், சுற்றாத ஃபேன், விரிசல் விட்ட ஹோஸ் என்று வெளியே இருக்கும். இன்ஜினை மட்டும் இறக்கி மாற்றினால், கொலையாளி காரிலேயே உட்கார்ந்திருப்பான். அடுத்த கோடையில் புது இன்ஜினையும் தீர்த்துவிடுவான்.

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா? ஸ்டார்ட் ஆகாத எல்லா காருக்கும் இன்ஜின் போயிருப்பதில்லை. பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், ஃப்யூயல் பம்ப் என்று எது கெட்டாலும் வண்டி நிற்கும். பழைய ஆல்ட்டோவின் 796 சிசி இன்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. அது அறுந்தாலும் ஓடிக்கொண்டிருந்த கார் சட்டென்று நின்றுவிடும்; இன்ஜினே முடிந்துபோன மாதிரிதான் தெரியும். (கே10 வகை 998 சிசி இன்ஜினில் பெல்ட் இல்லை, செயின்.)

ஆகவே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். சுற்றுகிறதா, இறுகிவிட்டதா? சுற்றினால், அடுத்தது ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். கேஜ் வைத்துப் பார்க்கச் சில நிமிட வேலை. இதைச் செய்யாமலேயே “இறக்கிடலாம் சார்” என்று சொல்லும் இடத்திலிருந்து வண்டியைக் கட்டி இழுத்து இன்னொரு பட்டறைக்குக் கொண்டுபோகும் செலவு, இன்ஜின் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சரி, போய்விட்டது உறுதி. இனி ‘ஏன்’ என்ற கேள்விக்கு வருவோம். நம் ஊரில் சின்ன கார்களின் இன்ஜின் சாவதற்குப் பெரிய காரணம் சூடு. அந்தச் சூட்டுக்குப் பின்னால் பல வீடுகளில் இருப்பது போர்த்தண்ணீர்.

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் பக்கத்தில் இருக்கும் பைப்பைத் திறந்து ஊற்றுவது பழக்கமாகிவிட்டது. கொங்குப் பக்கமோ, ராமநாதபுரம் பக்கமோ, கிணற்று உப்பு எப்படி இருக்கும் என்று குளியலறைக் குழாயைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் சேர்கிறது. கூலன்ட் என்பது வெறும் பச்சைத் தண்ணீர் அல்ல. கொதிநிலையை உயர்த்தி, துருவைத் தடுக்கும் திரவம். அது இல்லாமல் உப்புத் தண்ணீரிலேயே நாலைந்து வருடம் ஓடிய ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கும். மார்கழியில் தெரியாது. சித்திரை வெயிலில், ஏசி போட்டு, ஐந்து பேர் ஏறி, மலைப்பாதையில் போகும்போது தெரியும்.

சூடு ஏறினால் முதலில் அடிவாங்குவது சிலிண்டர் ஹெட். அது அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் வளையும். வளைந்தால் ஹெட் கேஸ்கட் அடித்துக்கொள்ளும். கூலன்ட் ஆயிலில் கலக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி வெளுத்த குழம்பு ஒட்டியிருக்கும். அந்தக் குழம்பு பேரிங்குகளுக்கு மசகு அல்ல, விஷம்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. “முள்ளு மேல ஏறவே இல்லையேண்ணே!” என்பார்கள். சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகக் காட்டும். ஹோஸ் வெடித்து மொத்தமும் வெளியே போய்விட்டால் அது வெறும் ஆவியில் தொங்கும். முள் ஏறாமலும் இருக்கலாம். அப்போது முள்ளை நம்பி இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியதுதான் கேஸ்கட்டோடு போயிருக்க வேண்டிய செலவை இன்ஜின் வரை இழுத்துவிட்டிருக்கும்.

இரண்டாவது காரணம் ஆயில். இந்த இன்ஜின்களில் ஊற்றுவதே 3 லிட்டருக்குப் பக்கத்தில்தான். வயதான இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்காமல் சர்வீஸ் தேதிக்காகக் காத்திருந்தால், அதற்குள் பாதி காலியாகியிருக்கும். அப்புறம் ‘டக் டக்’ என்று அடியிலிருந்து சத்தம். மூன்றாவது, வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ இன்ஜின்கள் தண்ணீரில் மூழ்கியதால் மட்டும் போகவில்லை. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகியதால் போயின. தண்ணீர் அமுங்காது; பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடுதான் வளையும்.

காரணம் தெரிந்துவிட்டால் வழியும் ஓரளவு தானாகத் தெரியும். ஹெட் மட்டும் வளைந்திருந்தால் லேத் பட்டறையில் ஃபேசிங் போட்டு, கேஸ்கட்டும் வால்வு வேலையும் பார்த்தால் போதும். இன்ஜினை மாற்றவே வேண்டாம். சிலிண்டர் தேய்ந்திருந்தால் ரீபோர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற பேரிங் போடலாம். இதைத்தான் பட்டறையில் ‘முழு இன்ஜின் வேலை’ என்கிறார்கள். நல்ல லேத்தும் பொறுமையான மெக்கானிக்கும் அமைந்தால் இது நம்பகமான வழி. இரண்டில் ஒன்று சரியில்லை என்றால் இதைவிட மோசமான வழி கிடையாது. கம்பெனியிலிருந்து புது ‘ஹாஃப் இன்ஜின்’ வாங்கலாமே என்றால், பழைய சின்ன காருக்கு அந்தச் செலவு காரின் விலையைத் தொட்டுவிடும்.

பிளாக்கே விரிசல் விட்டிருந்தாலோ, கிராங்க் உடைந்திருந்தாலோ மிஞ்சுவது, கழித்த காரிலிருந்து எடுத்த பழைய இன்ஜின்.

சென்னையில் என்றால் புதுப்பேட்டை. எழும்பூரிலிருந்து நடந்தே போய்விடலாம். கதவு, பம்பர், கியர்பாக்ஸ், இன்ஜின் என்று கார்களைப் பிரித்து அடுக்கியிருக்கும் கடைகள். அங்கே “நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு சார்” என்பதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம். இன்ஜினில் மீட்டர் கிடையாது. பார்க்க வேண்டியது வேறு. ஆயில் மூடிக்கு அடியில் அந்த மோர்க் குழம்பு இருக்கிறதா? பிளக் நுனிகள் எண்ணெய்ப் பசையோடு கறுத்திருக்கின்றனவா? கையால் சுற்றினால் சீராகச் சுற்றுகிறதா? கம்ப்ரஷன் பார்க்க விடுவார்களா? விடாத கடையில் வாங்க வேண்டாம்.

உங்கள் மெக்கானிக்கையும் கூட அழைத்துப்போவது நல்லது. அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தாலும் லாபம்தான். இன்ஜினோடு பில்லும், அது எந்த காரிலிருந்து வந்ததோ அந்த காரின் ஆர்.சி. நகலும் கேட்டு வாங்க வேண்டும். திருட்டு வண்டியின் இன்ஜின் உங்கள் பானட்டுக்குள் இருந்தால், போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பொருத்தி ஓட்டிப் பார்த்துச் சரியில்லையென்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

‘சிசி ஒன்றுதானே’ என்று நினைத்து வாங்குவதிலும் சிக்கல் இருக்கிறது. மாருதி 800-உம் 796 சிசி, ஆல்ட்டோவும் 796 சிசி. ஆனால் 800-இல் பெரும்பாலும் 6 வால்வு, ஆல்ட்டோவில் 12 வால்வு. ஒரே ஆல்ட்டோவிலும் ஆண்டுக்கு ஆண்டு சென்சார், ஒயரிங் மாறியிருக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 கட்டாயமான பிறகு வந்தவை இன்னும் வேறு. இன்ஜின் எண்ணின் முதல் எழுத்துகளும், கார் தயாரான வருடமும் கையில் இல்லாமல் கடைக்குப் போகக் கூடாது.

செலவு மிச்சம் பிடிக்க இறங்கும்போது தவறான இடத்தில் மிச்சம் பிடிப்பவர்கள் நிறைய. இன்ஜின் வெளியே இருக்கும்போது கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், ஆயில் சீல்கள், தெர்மோஸ்டாட் ஆகியவற்றை மாற்றினால் பொருளுக்குத்தான் காசு, கூலி தனியாகக் கிடையாது. மூன்று மாதம் கழித்து கிளட்ச் போனால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். முக்கியமாக, ரேடியேட்டர். சுத்தம் செய்து சரியாகவில்லை என்றால் புதிதே போட்டுவிடலாம். பழைய கொலையாளியை வைத்துக்கொண்டு புது இன்ஜின் போடுவதில் அர்த்தம் இல்லை.

இதற்குள் வீட்டில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

“ஏங்க, இந்தக் காருக்கு இதுக்கு மேலயும் செலவு பண்ணணுமா?”

“வித்துட்டா அப்பாவை எதுல கூட்டிட்டுப் போறது?”

இரண்டு கேள்வியும் நியாயமானவைதான். கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஓடும் நிலையில் 1,60,000 ரூபாய்க்குப் போகும் கார் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் போன நிலையில் 50,000-க்குக் கேட்கிறார்கள். இன்ஜின், கூலி, கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து 60,000 ஆகிறது. அப்படியானால் அந்தக் குடும்பம் போடுவது 60,000 அல்ல. விற்றால் கிடைத்திருக்கும் 50,000-ஐயும் சேர்த்து 1,10,000. அந்தப் பணத்துக்கு வெளியே என்ன கார் கிடைக்கும்? அதன் இன்ஜின் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பாடி துருப்பிடிக்காமல், விபத்தில் அடிபடாமல், டயரும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கும் காரை வைத்துக்கொள்வதே பெரும்பாலும் லாபம். தரை ஓட்டையாகி, சஸ்பென்ஷனும் ஆடிக்கொண்டிருந்தால் வீட்டுக்காரம்மா சொல்வதே சரி.

காரின் வயதையும் பார்க்க வேண்டும். சொந்த காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு தகுதிச் சோதனை செய்து 5 வருடம், 5 வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 14-வது வருடத்தில் இன்ஜின் மாற்றுகிறவர் அந்தச் செலவையும் இப்போதே எழுதிக்கொள்ளட்டும். பட்டறையில் சொன்ன தொகைக்கு மேல் கால் பங்கு கையில் இருந்தால்தான் இறங்க வேண்டும். இன்ஜினை இறக்கிய பிறகு “இதையும் பாத்துடலாம் சார்” என்ற ஒரு வரியாவது வராமல் இருக்காது.

கடைசியாகக் காகிதம். இன்ஜின் எண் பதிந்திருப்பது பிளாக்கில். ஆகவே, அதே பிளாக்கை வைத்து வேலை செய்தால் ஆர்.சி.யில் எதுவும் மாறாது. முழு இன்ஜின் வேலைக்கு இது ஒரு கூடுதல் பலம். வேறு இன்ஜின் போட்டால் எண் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, முன்கூட்டியே அனுமதி வாங்காமல் இன்ஜினை மாற்றியவர்கள் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து எண்ணைச் சரிபார்ப்பார். கடன் முடியாத கார் என்றால் வங்கியின் சம்மதக் கடிதமும் தேவை. ஆர்.சி.யில் புது எண் ஏறியதும் இன்ஷூரன்ஸிலும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றாமல் விட்டால், விபத்து நடந்து க்ளெய்ம் போடும் நாளில்தான் அது நினைவுக்கு வரும்.

இன்ஜின் வாங்கிய பில்லும், அந்தப் பழைய ஆர்.சி. நகலும் காரின் டாஷ்போர்டில் வேண்டாம். வீட்டு பீரோவில் இருக்கட்டும்.