வினைமுதல் மறைந்த தொடர்கள்: பெண் அறிவியலாளர் வரலாறும் ஆய்வுத்துறைகளின் கடமையும்

தமிழில் எழுதப்படும் பெண் அறிவியலாளர் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரே வகையான தொடரமைப்பு அடிக்கடி வருகிறது. வாய்ப்பு மறுக்கப்பட்டது, எனினும் அவர் மனந்தளராது உழைத்து உயர்ந்தார் என்பது அதன் பொதுவடிவம். பிற்பாதியில் பெண் எழுவாயாக நிற்கிறார். முற்பாதியில் மறுத்தவர் யார் என்னும் குறிப்பே இல்லை. செயப்பாட்டுவினைத் தொடரில் மூன்றாம் வேற்றுமை உருபேற்று வரும் வினைமுதலை விட்டுவிட்டாலும் தொடர் இலக்கணப்படி நிறைவுறும். ஆனால் வரலாறு நிறைவுறாது.

அன்னா மணியின் (1918–2001) வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் பட்டம் பெற்ற அவர், 1940இல் உதவித்தொகை பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்து ஐந்து கட்டுரைகளை வெளியிட்டார். 1945இல் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். அக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வுகளுக்கு அந்நாளில் பட்டம் வழங்கியது அப்பல்கலைக்கழகமே. எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று காரணங்காட்டி, அது முனைவர் பட்டம் வழங்க மறுத்தது. ஆனர்ஸ் தகுதியைக் கொண்டே அவர் ஆய்வு உதவித்தொகை பெற்றிருந்தார் என்பதை அது பொருட்படுத்தவில்லை.

1933இல் கமலா சொஹோனி பெண் என்பதால் அவரை அதே கழகத்தில் சேர்க்க இராமன் மறுத்ததைப் பலரும் எழுதியுள்ளனர். அங்கே வினைமுதல் ஒரு மனிதர். ஆதலின் நினைவில் நிற்கிறார். அன்னா மணிக்குப் பட்டத்தை மறுத்ததோ ஒரு விதி. பெண் என்னும் சொல்லைக் காரணமாகக் கூறாத இத்தகைய மறுப்பே வரலாற்றிலிருந்து எளிதில் நழுவுகிறது.

பட்டமின்றியும் அவர் உயர்ந்தாரே என்று கேட்கலாம். 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்த அவர், ஏறத்தாழ 100 வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்வதற்கான வரைபடங்களைத் தரப்படுத்தினார். துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார். பம்மலுக்கு அண்மையில் மீனம்பாக்கத்தில் இன்றும் வெப்பமும் மழையும் அளக்கும் நிலையம் போன்றவை அத்தகைய பணியின் மேல் வளர்ந்தவை. ஆயினும் ஒருவரது உயர்வு அவ்விதிக்கு நியாயமாகாது. அதே நிலையில் ஆய்வைக் கைவிட்டவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுதப்படுவதில்லை என்பதையே அது மறைக்கிறது.

இன்றைய தடைகளும் பெரும்பாலும் காலக்கணக்கின் வடிவிலேயே வருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பெண் ஆய்வாளர்க்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை வழங்குகிறது. ஆய்வை முடிக்க இரண்டாண்டு கூடுதல் காலமும் தருகிறது. காலம் எல்லார்க்கும் ஒரே வகையில் அமைவதில்லை என்பதை விதியே ஒப்புக்கொண்டுள்ளது. அந்த ஒப்புதல் ஆய்வேட்டோடு நின்றுவிடலாகாது. பணித்தேர்விலும் பதவி உயர்விலும் வெளியீடுகளை ஆண்டுக்கணக்கில் மதிப்பிடும் குழுக்கள், விடுப்புக் காலத்தைக் கழித்தே கணக்கிடவேண்டும். ஒவ்வோர் ஆய்வுத்துறையும் பதிவுசெய்தோர், முடித்தோர், இடைநின்றோர் ஆகியோரின் எண்ணிக்கையைக் காரணங்களுடன், பெயர் சுட்டாமல், ஆண்டுதோறும் வெளியிடவேண்டும்.

இது அறிவியல் துறைகளுக்கு மட்டும் உரிய கடமையன்று. பாடநூலும் வாழ்க்கை வரலாறும் கலைக்களஞ்சியப் பதிவும் எழுதுவோர் தமிழ்த்துறையினரே ஆவர். இடைநிற்றலைத் தனிமனிதரின் விருப்பமாகவும், உயர்வைத் தனிமனிதரின் மனவுறுதியாகவும் எழுதும் வழக்கத்தை நாம் கைவிடவேண்டும். மறுத்த நிறுவனம் எது, காட்டிய விதி எது, ஆண்டு எது என்பவற்றை எழுவாயாகவும் அடையாகவும் தொடருக்குள் கொண்டுவருதல் நம் கையில் உள்ளது. மறுத்தவர் தெரிந்தால்தான் விதியைத் திருத்தக் கோரும் இடமும் தெரியும்.