18 வருஷம் பொறுத்தா யார் வேணா ஜெயிக்கலாமா? ‘எல்போ’ பேண்ட் கதையை அப்படிப் படிக்காதீங்க!

நண்பர்கள் சேர்ந்து 1990இல் ஒரு பேண்ட் ஆரம்பிக்கிறாங்க. முதல் ஆல்பம் வெளிவர 11 வருஷம். பெரிய விருது கைக்கு வர 18 வருஷம். லிங்க்ட்இன்ல மோட்டிவேஷன் போஸ்ட் போடுறவங்களுக்கு லட்டு மாதிரி கதை. ஆனா, இங்கிலாந்தின் ‘எல்போ’ பேண்டின் கதையை ‘விடாமுயற்சி விஸ்வரூப வெற்றி’ டெம்ப்ளேட்டில் அடைப்பது தப்பு. அதுக்கான பதில் அவங்க ஆல்பத்துக்குள்ளேயே இருக்கு.

யார் இவங்க?

மான்செஸ்டர் பக்கத்தில் இருக்கும் பரி என்ற ஊர்தான் தொடக்கம். பாடகர் கை கார்வி, கிட்டாரிஸ்ட் மார்க் பாட்டர், அவரது சகோதரரும் கீபோர்டு கலைஞருமான கிரேக் பாட்டர், பேஸ் வாசிக்கும் பீட் டர்னர், டிரம்மர் ரிச்சர்ட் ஜப். முதலில் ‘சாஃப்ட்’ என்று பெயர் வைத்திருந்தவர்கள், 1997இல் ‘எல்போ’ ஆனார்கள்.

ஐலண்ட் என்ற பெரிய லேபிளில் ஒப்பந்தம் கிடைத்தது. ஆல்பமும் ரெக்கார்டு ஆனது. அந்த நேரத்தில் யுனிவர்சல் நிறுவனம் ஐலண்டை வாங்கியது. விளைவு, ஆல்பம் கிடப்பில் போடப்பட்டது, பேண்டுக்கு டாட்டா. பாட்டு நல்லா இருக்கா, இல்லையா என்பதெல்லாம் அப்போ கேள்வியே இல்லை. கம்பெனி கைமாறியது, அவ்வளவுதான்.

பிறகு வி2 லேபிள் மூலம் 2001இல் ‘அஸ்லீப் இன் தி பேக்’ வந்தபோது கார்விக்கு வயது 27. மெர்குரி பிரைஸ் பரிந்துரை கிடைத்தது. விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனாலும் பெரிய கூட்டம் வரலை. 2003, 2005இல் வந்த அடுத்த இரண்டு ஆல்பங்களுக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். 2007இல் வி2வும் யுனிவர்சலிடம் விற்கப்பட்டது.

சவுண்டில் என்ன ஸ்பெஷல்?

சத்தத்தைவிட இடைவெளியை நம்பும் இசை இது. கார்வியின் குரல் பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கும். கொஞ்சம் கரகரப்பு, நிறைய கனிவு. மெதுவா ஆரம்பிக்கும் பாட்டில் ஒவ்வொரு வாத்தியமா சேரும். ‘ஸ்டார்லிங்ஸ்’ பாட்டைக் கேட்டால் புரியும்: அமைதியாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீர்னு பித்தளை வாத்தியங்கள் வெடிக்கும், மறுபடி அமைதி. முதல் ஆல்பத்தின் ‘நியூபார்ன்’ ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடும்.

பீட்டர் கேப்ரியலின் தாக்கம் இவர்களிடம் அதிகம். அதே கேப்ரியல் 2010இல் இவர்களின் ‘மிரர்பால்’ பாட்டைத் தன் ஆல்பத்தில் பாடினார். ஒரு ரசிகனுக்கு இதைவிட என்ன வேணும்?

2008: வெற்றியா, அஞ்சலியா?

2006இல் இவர்களின் நெருங்கிய நண்பரும் மான்செஸ்டர் பாடகருமான பிரையன் கிளான்சி இறந்துபோனார். ‘தி செல்டம் சீன் கிட்’, அதாவது ‘எப்போதாவது கண்ணில் படும் பையன்’, என்ற ஆல்பத் தலைப்பு அவரைக் குறித்ததுதான். சால்ஃபோர்டில் உள்ள ப்ளூபிரிண்ட் ஸ்டுடியோவில் ரெக்கார்டு செய்தார்கள். வெளியிலிருந்து தயாரிப்பாளர் யாரும் இல்லை. தயாரிப்பு கிரேக் பாட்டர்.

2008 செப்டம்பரில் மெர்குரி பிரைஸ் இந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது. போட்டியில் இருந்தது யார் தெரியுமா? ரேடியோஹெட், அடேல், பரியல். அடுத்த ஆண்டு பிரிட் விருதில் சிறந்த பிரிட்டிஷ் குழு. ‘ஒன் டே லைக் திஸ்’ பாட்டு 2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழா வரை போனது.

அந்த ஆறரை நிமிடப் பாட்டின் இரண்டாம் பாதி முழுக்க ஒரே வரியைக் கூட்டமாகத் திரும்பத் திரும்பப் பாடுவதுதான். கல்யாணம், கால்பந்து, டிவி நிகழ்ச்சி என எல்லாத்துக்கும் பொருந்தும் கொண்டாட்டப் பாட்டாக அது மாறிவிட்டது. ஆனா ஆல்பத்தை வரிசையா கேட்டுப் பாருங்க. துக்கத்தைக் குடியில் கரைக்கப் பார்க்கும் ‘கிரவுண்ட்ஸ் ஃபார் டிவோர்ஸ்’ முன்னாடியே வந்துடும். ‘ஒன் டே லைக் திஸ்’ கிட்டத்தட்ட முடிவில்தான். அதை அடுத்து, கடைசிப் பாட்டு கிளான்சிக்கான அஞ்சலி. அந்த நல்ல நாளுக்கு அடுத்து நிற்பது நண்பனின் இழப்பு.

அப்போ பாடம் என்ன?

கிளான்சியும் பாட்டு எழுதினார், பாடினார். அவருக்குப் புகழ் வரலை. காத்திருந்தால் எல்லாருக்கும் கதவு திறக்கும் என்றால், அவருக்கு ஏன் திறக்கவில்லை? ஜெயித்தவர்கள் தங்கள் உச்ச ஆல்பத்துக்கு அவர் பெயரை வைத்திருப்பதே, ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்ற பழமொழி எல்லார் விஷயத்திலும் பலிக்காது என்பதற்குச் சாட்சி.

எல்போ தாக்குப்பிடித்ததற்கு வேற காரணங்கள் கண்ணுக்குத் தெரியுது. தோற்ற பிறகும் இன்னொரு ஆல்பம் போடவிட்ட லேபிள் ஒன்று இருந்தது. தயாரிப்பு வேலை தெரிந்தவர் பேண்டுக்குள்ளேயே இருந்தார். முக்கியமா, 2016இல் ஜப் விலகும்வரை அதே அஞ்சு பேர். பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் இவங்க முதன்முதலா நம்பர் 1 ஆனதே 2014இல்தான். 2024இல் வந்த ‘ஆடியோ வெர்டிகோ’வும் அந்த இடத்தைத் தொட்டது.

இன்னைக்கு இப்படி ஒரு பேண்ட் வளர முடியுமா? ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் கணக்கில் வரும். மெதுவா ஆரம்பிக்கும் பாட்டுக்கு அங்கே முதல் அரை நிமிடமே பரீட்சை. ஓடாத மூணு ஆல்பத்துக்கு அப்புறம் நாலாவது வாய்ப்பு தர யார் இருக்காங்க? திறமை அப்படியேதான் இருக்கும். அது பழுக்கக் கிடைக்கும் காலம்தான் சுருங்கிக்கிட்டே போகுது.

அதனால் 27 வயசுல ‘இன்னும் செட்டில் ஆகலையே’னு புலம்பும் நண்பருக்கு இந்தக் கதையைச் சொல்லி ‘வெயிட் பண்ணு மச்சி’ என்று அனுப்பாதீங்க. பொறுமையா இருன்னு சொல்றது சுலபம். அவர் பொறுமையா இருக்கத் தேவையான நேரம், இடம், கூட நிற்கும் ஆட்கள் எல்லாம் அவருக்கு இருக்கான்னு முதல்ல கேளுங்க.