அரிட்டாபட்டி உணர்த்தும் பாடம்

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகேயுள்ள அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகள் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. சமணர் படுக்கைகள், ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, வல்லூறுகள் வாழும் குன்றுகள், ஊற்றுகள், கண்மாய்கள் ஆகியன இங்குள்ள செல்வங்கள்.

ஆயினும் 2024 நவம்பரில், இத்தலத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் நிலத்துக்கான டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவை மத்திய அரசு வெளியிட்டது. அரசின் அறிவிப்பு மட்டுமே மலையைக் காத்துவிடவில்லை. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9இல் சட்டமன்றமும் அவ்வாறே செய்தது. 2025 ஜனவரி 7இல் ஆயிரக்கணக்கான மக்கள் மதுரை நோக்கி நடந்தனர். ஜனவரி 23இல் ஏலம் இரத்தானது. கண்மாய் நீரால் வாழ்வோரே அதன் முதற் காவலர் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

புலம்பெயர்ந்த பெற்றோர் விடுமுறையில் தாயகம் செல்கையில், கோயில்களுடன் தம் ஊர்க் கண்மாயையும் பிள்ளைகளுக்குக் காட்டுதல் வேண்டும். அதன் பெயர், வரத்துக்கால், பாசன வயல்கள் ஆகியவற்றை ஊர்ப் பெரியோரிடம் கேட்டு இளையோர் பதிவு செய்தல் வேண்டும். பெயரே மறந்துபோன நீர்நிலை பறிபோகும்போது, அதற்காகக் குரல் கொடுக்க எவரும் இரார்.