கடவுளாக்கப்பட்ட மன்னரும் சிலுவையில் இறந்தவரும்

மனிதர்களைத் தெய்வமாக்கிய கிரேக்க, உரோம வழக்கத்திலிருந்தே இயேசுவின் தெய்வீகம் பற்றிய நம்பிக்கை பிறந்தது என ஒரு சாரார் கூறுகின்றனர். இரண்டுக்கும் எத்தொடர்புமில்லை என மற்றொரு சாரார் வாதிடுகின்றனர். இரு கூற்றுகளும் பாதி உண்மையே என்பது எனது கருத்து.

யூலியஸ் சீசர் கி.மு. 44இல் கொலையுண்டார். அவரது நினைவாக நடந்த விழாவின்போது வால்வெள்ளியொன்று தோன்றியது. அது சீசரின் ஆன்மாவே என மக்கள் நம்பினர். கி.மு. 42இல் செனற் சபை அவரைத் தெய்வமாக அறிவித்தது. அவரது சுவீகார புத்திரரும் பின்னாளில் ஒகஸ்டஸ் எனப் பெயர் பெற்றவருமான ஒக்டேவியன், 'தெய்வமாக்கப்பட்டவரின் மகன்' எனத் தம்மை நாணயங்களில் பொறித்தார். இலத்தீனில் தெய்வமாக்கப்பட்டவருக்கும் தெய்வத்துக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. கிரேக்கத்திலோ அவ்வேறுபாடு மறைந்து 'கடவுளின் மகன்' என்றே ஆயிற்று. சின்னாசியாவின் பிரியேனே நகரில் கிடைத்த, கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒகஸ்டஸின் பிறப்பை உலகுக்கான நற்செய்தியின் தொடக்கம் என்கிறது. பின்னர் மாற்கு எழுதிய நூலின் முதல் வரியிலும் நற்செய்தி என்ற அதே கிரேக்கச் சொல் வருகிறது. ஆகவே, தொடர்பே இல்லை என்ற வாதம் நிற்காது. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிறிஸ்தவத்துக்காக வாதாடிய யுஸ்தீனே, யூப்பிற்றரின் புதல்வர்களையும் விண்ணேறியதாகச் சொல்லப்பட்ட சீசர்களையும் எடுத்துக்காட்டித்தான் உரோமருடன் பேசினார்.

ஆனால், சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. ஒகஸ்டஸ் கி.பி. 14இல் இறந்தபோது, அவர் விண்ணேறியதைக் கண்ணால் கண்டதாக நூமேரியஸ் அற்றிக்கஸ் என்ற செனற்றர் சத்தியம் செய்தார். அவருக்கு ஒகஸ்டஸின் மனைவி லிவியா பத்து இலட்சம் செஸ்டேர்ஸ் வழங்கியதாக வரலாற்றாசிரியர் டியோ எழுதியுள்ளார். எந்தச் செய்தியானாலும் அதைச் சொன்னவர் யார், அதனால் இலாபமடைபவர் யார் என்று கேட்பதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. உரோமரும் ஏமாளிகளல்லர். கிளோடியஸ் தெய்வமாக்கப்பட்டதைச் செனேக்கா எள்ளி நகையாடி ஒரு நூலே எழுதினார். கி.பி. 79இல் இறுதி நோய் கண்டபோது வெஸ்பாசியன், தாம் தெய்வமாகிக்கொண்டிருப்பதாகத் தம்மையே கேலி செய்துகொண்டார்.

கிறிஸ்தவர்களோ, உரோம ஆளுநரின் ஆணைப்படி சிலுவையில் அறையப்பட்ட ஒரு யூதரைக் கடவுளின் மகன் என்றனர். எந்தச் சபையும் அதற்குத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. முதலில் அதனைச் சொன்னவர்கள், கடவுள் ஒருவரே என்பதில் உறுதியாயிருந்த யூதர்கள். லிஸ்திரா நகர மக்கள் பர்னபாவைச் சீயஸ் என்றும் பவுலை ஹேர்மிஸ் என்றும் கருதிப் பலியிட வந்தபோது, அவ்விருவரும் ஆடைகளைக் கிழித்துக்கொண்டு தடுத்ததாக அப்போஸ்தலர் பணிகள் நூல் கூறுகிறது. மனிதரைத் தெய்வமாக்குவதை அத்தனை வெறுத்தவர்கள், அண்மையில் வாழ்ந்து மறைந்த ஒருவரை எவ்வாறு வழிபட்டனர் என்பதே உண்மையான கேள்வி. இது பற்றி லறி ஹேட்டாடோ, பார்ட் ஏர்மன் போன்ற ஆய்வாளர்கள் எதிரெதிரான விடைகளைத் தந்துள்ளனர்.

கி.பி. 112ஆம் ஆண்டளவில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரைப் பேரரசர் திராஜனின் உருவத்தின் முன் தூபமும் திராட்சை மதுவும் படைக்கச் சொன்னார். தம் நம்பிக்கையைக் கைவிட மறுத்தவர்கள் கொல்லப்பட்டனர். ஒரு நம்பிக்கைக்காக உயிர் கொடுப்பது அதன் உண்மைக்கு நிரூபணமாகாது. எனினும், காசு பெற்ற சாட்சியும் உயிரை விலையாகக் கொடுத்த சாட்சியும் ஒன்றல்ல.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. கிறிஸ்தவத்தைத் தழுவிய முதற் பேரரசர் கொன்ஸ்தந்தைன் கி.பி. 337இல் இறந்தார். அவரது புதல்வர்கள் வெளியிட்ட நாணயங்கள் அவரையும் 'தெய்வமாக்கப்பட்டவர்' என்றே குறித்தன. அவற்றில் அவர் தேரேறி விண்ணுக்குச் செல்கிறார். மேலிருந்து ஒரு கை நீள்கிறது. மதம் மாறியது, அரசின் பழக்கம் மாறவில்லை.